இரண்டாவது குழாய்

வேனிலிருந்து இறங்கியதும் மாமா முதல் வேலையாக வாயிலிருந்த மிட்டாயைத் துப்பினார். ஹூக்கா பார்க்கப் போகும்போது நாக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பழைய புகையின் வாடையையும் மட்டமான முலாமின் கசப்பையும் கண்ணைவிட முந்தி நாக்குதான் கண்டுபிடிக்குமாம்.

வீடு ஒரு சந்தின் கோடியில் இருந்தது. நீளமான, மாடியில்லாத வீடு. முன்னால் இரண்டு அறைகள், பின்னால் பட்டறை. வெயில் இன்னும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டு மாடியில் யாரோ துணி உதறிக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பயப்படும்படி எதுவும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு நடந்ததற்கெல்லாம் இருட்டின் மீதும் தனிமையின் மீதும் பழி போட்டுவிடலாமா என்று எனக்கே பல தடவை ஆசை வந்திருக்கிறது.

மாமா என் அக்காவின் கணவர். புகையைத் தண்ணீர் வழியாக இழுத்துப் பிடிக்கும் ஹூக்காக்களை விற்கும் கடை அவருடையது. பகலில் அங்கே விற்பனையைப் பார்த்துக்கொள்கிறேன், சாயங்காலம் வகுப்புக்குப் போகிறேன். அடிக்குடம் கண்ணாடியா பித்தளையா, தண்டு மரமா ஸ்டீலா, குழாய் ஒன்றா இரண்டா என்று வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்வது என் வேலை. நான் எதையும் ஒருமுறைக்கு இரண்டு முறை சோதித்துவிட்டுத்தான் சொல்வேன். அப்படியும் சொன்னது சரிதானா என்று வீட்டுக்குப் போய் யோசிப்பேன். மாமா என்னை வாத்தியாரம்மா என்று கிண்டல் செய்வது அதனால்தான்.

அன்று காலை அக்கா என்னைத் தனியாக அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"அவரு கூட நீயும் போ. எடுக்கறதை எடுத்துக்கட்டும். ஆனா அந்த வீட்டுல எதையும் வாயில வைக்க விடாதே."

"வாயில வைக்காம மாமா எப்படிக்கா ஹூக்கா எடுப்பாரு? மீன் வாங்கறவன் செவுளைத் தூக்கிப் பார்க்காம இருப்பானா?"

"விளையாடாதே. கூட்டிட்டுப் போற மனுஷனை அப்படியே திருப்பிக் கூட்டிட்டு வா. நான் கேக்கறது அவ்வளவுதான்."

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அது பட்டறை அண்ணனின் வீடு. எங்கள் கடைக்குப் பித்தளை ஹூக்கா செய்து கொடுத்தவர் அவர். ஒரு மழை நாளில் அந்தப் பட்டறைக்குள்ளேயே செத்துப்போனார். சன்னலும் கதவும் சாத்தியிருக்க, உள்ளே கரியடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மழையில் மரக்கதவு உப்பித் திறக்க வராமல் போயிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். பிணத்தைத் தூக்கும் நேரத்தில் அவர் மனைவி அத்தனை கூட்டத்திலும் மாமாவை மட்டும் பார்த்தாள்.

"அவரோட மூச்சு உங்ககிட்ட இருக்கு தம்பி. அதை அவரே வந்து வாங்கிக்குவாரு."

துக்கத்தில் சொல்கிற பேச்சு என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அக்கா விடவில்லை. மாமாவும் அதன் பிறகு அந்தச் சந்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்போது அந்த மனைவியே, எங்களுக்கு அண்ணி, சொல்லி அனுப்பியிருந்தாள். அண்ணன் செய்து வைத்த ஹூக்காக்களை எல்லாம் உருக்கக் கொடுக்கப் போகிறாள். அதற்கு முன்னால் மாமா வந்து தனக்குப் பிடித்ததில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று.

"அண்ணன் கைவேலையை உருக்கறதா? பாவம்டா சாமி!" என்று மாமா செய்தி வந்த அன்று முழுக்கப் புலம்பினார். சரியாகச் சாப்பிடவும் இல்லை. பயம் அவரை இந்தப் பக்கம் இழுத்தது, ஆசை அந்தப் பக்கம் இழுத்தது. ஆசைக்குத்தான் கை வலு அதிகம்.

அண்ணி கதவைத் திறந்தாள். மெலிந்திருந்தாள். முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை.

"வாங்க தம்பி. இது யாரு?"

"என் கொழுந்தியா. எதையும் சோதிக்காம விடமாட்டா."

"நல்லதாப் போச்சு. சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்னு நினைச்சேன்."

மாமா சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அண்ணி சிரிக்கவில்லை.

பட்டறைக்குள் நுழைந்ததும் பித்தளை தேய்க்கும் மாவின் வாடை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை. எரிகிற கரியில் தண்ணீர் ஊற்றினால் வருமே, அந்த ஈரச் சாம்பல் வாடை. அடுப்பைப் பார்த்தேன். அதைப் பெயர்த்து எடுத்து நெடுநாளாகியிருந்தது. தரையில் ஒரு கறுப்பு வட்டம் மட்டும் மிச்சம். மூக்கு ஏமாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நீளப் பலகையின் மேல் ஹூக்காக்கள் நின்றன. சன்னல் கம்பி வழியாக வந்த வெயில் அவற்றின் தோள்களில் படிந்திருந்தது. மாமாவின் முகம் குழந்தையின் முகம் போல ஆகிவிட்டது.

முதலில் கண்ணாடிக் குடத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "என்ன சுத்தம் பாரு! தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு வெளியவே தெரியும். புகை சுத்தறதைப் பார்த்துக்கிட்டே பிடிக்கலாம். ஆனா ஒன்னு, கண்ணாடியில எதையும் மறைக்க முடியாது. கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் காட்டிக் கொடுத்துடும்."

"மறைக்க ஏதாவது இருக்கறவங்க பித்தளை எடுத்துக்கட்டும்" என்றாள் அண்ணி.

மாமா குடத்தைக் கீழே வைத்தார். அடுத்தது மரத்தண்டு வைத்தது. கடைசல் வேலை அப்படி ஒரு நயம். விரல் வழுக்கிக்கொண்டு போனது.

"அழகுதான். ஆனா மரம் நமக்கு ஒத்துவராது. தண்ணி பட்டுப் பட்டு உப்பிடும்."

"உப்பினா என்னாகும் தம்பி?"

"பொருத்து இறுகிடும். கழட்ட வராது."

"கதவு மாதிரியா?"

மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அண்ணி பலகையின் மேல் இருந்த தூசியை முந்தானையால் தட்டினாள், ஏதோ சும்மா கேட்டது போல.

அப்போதே கிளம்பியிருக்கலாம். கைப்பையில் வகுப்புக்கான புத்தகங்கள் இருந்தன; நேரமாகிவிட்டது என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வாய் வரை வந்தது. அதற்குள் மாமா பலகையின் கோடியில் இருந்ததைப் பார்த்துவிட்டார்.

முழுப் பித்தளை. அகன்று தாழ்ந்த குடம், அதன் மேல் கழுத்து நீண்ட தண்டு, உச்சியில் சுட்ட மண் கிண்ணம். குடத்தின் தோளிலிருந்து எதிரெதிராக இரண்டு குழாய்கள். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டே பிடிப்பதற்காகச் செய்தது.

"இரட்டைக் குழாய்!" மாமாவின் குரல் இறங்கிவிட்டது. "இதை அண்ணன் எங்கிட்ட காட்டவேயில்லையே."

"கடைசியா செஞ்சது" என்றாள் அண்ணி. "அன்னைக்கு முடிச்சது."

வழக்கப்படி நான் கைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்துக் குடத்தில் வைத்தேன். ஒட்டவில்லை. முலாம் பூசிய இரும்பாக இருந்தால் ஒட்டியிருக்கும். தண்டில் வைத்தேன், ஒட்டவில்லை. அசல் பித்தளை. தட்டினால் நெடுநேரம் முனகியது. மாமா தண்ணீர் கேட்டார். அண்ணி ஏற்கெனவே ஒரு சொம்பு நிறைய எடுத்து வைத்திருந்தாள்.

"மாமா, அக்கா சொன்னா..."

"உங்க அக்கா பேச்சைக் கேட்டா நான் கடையைச் சாத்திட்டு கீரைதான் விக்கணும். கரி இல்லை, புகையிலை இல்லை, வெறும் தண்ணி. காத்தை இழுக்கறதுக்குக் கூடவா பயம்? உக்காரு. நீ அந்தப் பக்கத்தை அடை."

எங்கள் தொழிலில் இருக்கும் எவரும் இதை ஒப்புக்கொள்வார்கள். இழுத்துப் பார்க்காமல் ஒரு ஹூக்காவை எடுக்க எங்களால் முடியாது. கை தானாகவே குழாயைத் தேடும். இரட்டைக் குழாயில் இன்னொரு கஷ்டம் உண்டு. ஒருவர் இழுக்கும்போது மற்ற குழாயின் வாயை யாராவது அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று அந்த வழியாகப் புகுந்துவிடும். தண்ணீர் அசையாது, குடகுட சத்தம் வராது, இழுப்பவருக்கு வெறுங்காற்றுதான் கிடைக்கும். பழைய பாணி ஹூக்கா எல்லாவற்றிலும் இதுதான் நியதி.

மாமா ஒரு மணையில் உட்கார்ந்தார். எதிரில் தேய்ந்துபோன இன்னொரு மணை இருந்தது. நான் அதில் உட்காரப் போனேன்.

"அதுல வேணாம்மா" என்றாள் அண்ணி. "தரையில உக்காரு."

தரையில் உட்கார்ந்து இரண்டாவது குழாயின் முனையைக் கட்டைவிரலால் அடைத்தேன். மாமா இழுத்தார். குடத்துக்குள் தண்ணீர் குடகுடவென்று பேசியது. ஆழமான, நிறைவான சத்தம். என் விரலின் சதையைக் காற்று மெதுவாக உள்ளே இழுத்தது. அது இயல்பு. மாமா வாயை எடுத்து, தலையை ஆட்டி ரசித்தார்.

என் விரலில் இழுப்பு நிற்கவில்லை.

குழாயில் தங்கிய காற்றாக இருக்கும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படி நினைக்கத்தான் விருப்பம்.

கைபேசி அடித்தது. அக்கா. குழாயைத் தரையில் போட்டுவிட்டு எழுந்து கதவருகே போனேன்.

"எடுத்தாச்சா?"

"பார்த்துக்கிட்டு இருக்காருக்கா."

"வாயில வைக்கலையே?"

பின்னால் குடகுட சத்தம் மறுபடி கேட்டது. முன்னைவிட அடர்த்தியாக.

"சபாஷ் வாத்தியாரம்மா!" என்றார் மாமா. "இப்பதான் சரியா அடைச்சிருக்கே. காத்தே போகலை பாரு."

நான் திரும்பினேன். என் ஒரு கையில் கைபேசி இருந்தது. இன்னொரு கையில் காந்தம் இருந்தது.

தரையில் போட்ட குழாய் தரையில் இல்லை.

எதிர் மணைக்கு மேலே, உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனின் வாய் உயரத்தில், அதன் முனை நின்றுகொண்டிருந்தது.

"மாமா, வாயை எடுங்க."

மாமா கண்ணை மூடியபடி மூச்சை விட்டார். அவர் மூக்கிலிருந்து புகை வந்தது. கரியும் புகையிலையும் இல்லாத ஹூக்காவிலிருந்து சாம்பல் நிறத்தில், தடித்து, கீழ்நோக்கி இறங்கும் புகை. அந்த ஈரச் சாம்பல் வாடை அறை முழுக்க நிறைந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். குழாயை வாயிலிருந்து எடுக்கப் பார்த்தார். வரவில்லை.

அவர் இழுக்கவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கன்னங்கள் உள்ளே குழிந்துகொண்டே போயின, கை இரண்டும் குழாயை வெளியே பிடுங்கின. குடகுட சத்தம் மட்டும் நிற்கவில்லை.

கதவு சாத்திக்கொண்டது.

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. நாங்கள் மூன்று பேரும் உள்ளேதான் இருந்தோம்.

அண்ணி பதறவில்லை. மாமாவின் முன்னால் போய்க் குந்தினாள். தாழ்ந்த குரலில், அக்கறையாகக் கேட்டாள்.

"அன்னைக்குக் கதவு உப்பலைதானே தம்பி?"

சத்தம் நின்றது. குழாய் மாமாவின் உதட்டை விட்டுக் கொஞ்சம் விலகியது. பேசுவதற்குப் போதுமான அளவு மட்டும்.

"அண்ணி... மூச்சு..."

"கதவை வெளியில யாரு சாத்தினது?"

"நான்தான். வேலையைப் பாதியில விட்டுட்டுப் போயிடுவாருன்னு... முடிக்கற வரைக்கும்னுதான் தாழ்ப்பாள் போட்டேன். மறந்துட்டேன் அண்ணி. சத்தியமா மறந்துட்டேன்."

குடத்துக்குள் தண்ணீர் ஒரே ஒரு முறை குமிழியிட்டது. ஒருவன் அடித்தொண்டையில் சிரித்தால் அப்படித்தான் இருக்கும்.

மாமா எதிர் மணையைப் பார்த்தார். அங்கே அவர் எதைப் பார்த்தாரோ எனக்குத் தெரியாது. அழ ஆரம்பித்தார்.

"மறக்கலை. தட்டினாரு. கேட்டுச்சு. வாசல்லதான் நின்னேன். கோபத்துல தட்டறாரு, தட்டட்டும்னு விட்டேன். சத்தம் நின்னுது... சரி, வேலையில உக்காந்துட்டாருன்னு நினைச்சு, தாழ்ப்பாளைச் சத்தமில்லாம எடுத்துட்டுப் போயிட்டேன்."

அக்காவின் குரல் கைபேசியில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. "என்ன சொல்றாரு? என்னடி சொல்றாரு?" அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

அண்ணி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு எழுந்து அந்தக் காலி மணையின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுட்டேங்க. நீங்க தட்டினது பொய்யில்லைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நாலு பேர் முன்னாடி இவரே சொல்லுவாரு. போதும். விட்டுடுங்க."

ஒரு கணம் எதுவும் அசையவில்லை.

பிறகு குழாய் மாமாவின் வாய்க்குள் போனது.

"ஐயோ, போதும்ங்க! விட்டுடுங்கன்னு சொல்றேன்ல!" அண்ணி கத்தினாள். குடத்தைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். என் பக்கம் திரும்பினாள். "உயிரோட இருந்தப்பவே நான் சொன்னதைக் கேட்டதில்லைம்மா இந்த மனுஷன்."

நான் கதவை இடித்தேன். சன்னலைத் தள்ளினேன். வெளியே வெயில் அடித்தது. பக்கத்து மாடியில் துணிகள் சாதாரணமாக ஆடின. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குடத்தை உதைத்தேன், தரையில் வேர்விட்டது போல நின்றது. மாமாவின் முகம் கருஞ்சிவப்பாகி, பிறகு நிறம் வடிந்து வெளுத்தது. அவர் மார்பு தாழ்ந்துகொண்டே போனது. ஏறவேயில்லை.

காற்று எங்கிருந்து எங்கே போகிறது?

கடையில் தினமும் நான் சொல்லும் பாடம். மாமாவிடமிருந்து குழாய் வழியாகக் குடத்துக்கு, குடத்திலிருந்து இரண்டாவது குழாய்க்கு, அங்கிருந்து...

எதிர் மணைக்கு ஓடினேன். நின்றுகொண்டிருந்த அந்த முனையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

அங்கே ஏற்கெனவே ஒரு வாய் இருந்தது.

குளிர்ந்த, ஈரமான உதடுகள். அவற்றுக்குப் பின்னால் பல். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு உதடுகளுக்கும் நடுவே விரலை நுழைத்தேன். அது கடித்தது. தோல் பிய்ந்துகொண்டு போவது போல இழுத்தது. "என் மாமாவைக் கொடு" என்று நான் கத்தியதாக அண்ணி பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை. விரலை மட்டும் எடுக்கவில்லை என்பது நினைவிருக்கிறது.

சத்தம் தடுமாறியது. நின்றது. மாமா பக்கவாட்டில் சரிந்தார்.

கதவு திறந்தது. வேன் டிரைவர் நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா இப்படிக் கத்துறீங்க? கதவு சும்மாதானே சாத்தியிருந்துச்சு?"

ஆஸ்பத்திரியில் டாக்டர் மாமாவின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு என்னைத்தான் அதட்டினார். "மூடின ரூம்ல கரி எரிச்சீங்களா? புத்தி வேணாமா? உடம்பு பூரா கரிப்புகை." இல்லை என்றேன். நம்பவில்லை. என் விரலுக்குக் கட்டுப் போட்டவர் நாயா கடித்தது என்று கேட்டார். அதற்கும் இல்லை என்றேன்.

மாமாவின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் மாட்டினார்கள். கட்டிலுக்குப் பின்னால் சுவரில் தண்ணீர் நிரப்பிய ஒரு சின்ன பாட்டில் செருகியிருந்தது. ஆக்சிஜன் அதன் வழியாகக் குமிழியிட்டு வந்து மாமாவுக்குப் போனது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கட்டுப் போட்ட விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன். இது எல்லா வார்டிலும் இருப்பதுதான், மாமாவுக்கு மூச்சைக் கொடுக்கிற சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, மாமாவின் கையையும் பிடிக்கவில்லை. அவர் மாஸ்க்குக்குள் முனகிக்கொண்டேயிருந்தார். "சொல்லிடறேன்... எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்..."

"சொல்லித்தான் ஆகணும்" என்றாள் அக்கா. "அதுக்காகவாவது எழுந்திருங்க."

அண்ணியும் வந்திருந்தாள். வார்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்றபடி அக்காவிடம் சொன்னாள்.

"நான் உண்மையை மட்டும்தான் கேட்டேன்மா. எங்க வீட்டுக்காரரு என்ன கேக்கறாருன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

ராத்திரி நர்ஸ் வந்தார். கலகலப்பான பெண். மாமாவின் விரலில் மாட்டியிருந்த கருவியைப் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார்.

"அட, மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டாரே! இனிமே ஆக்சிஜன் தேவைப்படாது. நிறுத்திப் பார்த்துடலாம்."

சுவரிலிருந்த குமிழைத் திருகினார். பாட்டிலில் குமிழிகள் மெலிந்து, ஒவ்வொன்றாகி, நின்றன. வார்டு அமைதியானது. மாமா தானாக மூச்சு இழுத்தார், விட்டார். மறுபடி இழுத்தார். அக்கா அப்போதுதான் அவர் கையைப் பிடித்தாள்.

பாட்டிலில் ஒரு குமிழி எழுந்தது.

"சரியா மூடலை போல" என்று நர்ஸ் இன்னும் இறுக்கித் திருகினார்.

இன்னொன்று எழுந்தது. பிறகு கொத்தாக.

"இதென்னடா வம்பாப் போச்சு!" அவர் பாட்டிலையே சுவரிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சுவருக்கும் அதற்கும் இப்போது எந்தத் தொடர்பும் இல்லை. மாமாவின் மாஸ்க்குக்குப் போகும் மெல்லிய குழாய் மட்டும் அதிலிருந்து தொங்கியது.

நர்ஸின் சிரிப்பு நின்றது. வாசலில் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

நர்ஸின் உள்ளங்கையில் இருந்த பாட்டிலுக்குள் தண்ணீர் நிதானமாக, அவசரமே இல்லாமல், ஒருவன் சாய்ந்து உட்கார்ந்து ரசித்துப் பிடிப்பது போலக் குடகுடவென்றது. அது குடகுடத்த ஒவ்வொரு முறையும் கட்டிலில் மாமாவின் மார்பு தாழ்ந்தது.